டைட்டிலுக்குப் பிறகு வரும் குரல்

ஜூன் 3, செவ்வாய்

ஒரு பேய்ப் படத்தின் டிரெய்லர் வேலை வந்திருக்கிறது. படத்தின் பெயர் 'மூன்றாம் தட்டு'. இயக்குநர் ரெஹானா, காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயதிருக்கும், முதல் படம். முழுப் படத்தையும் வேறொரு எடிட்டர் முடித்துவிட்டார். டிரெய்லருக்கு மட்டும் நான். திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவனை நம்பி இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் தருவதில்லை. என் குறிப்புகளைப் படித்துத் தேறிய ஒருவன் இந்த ஆண்டு ஏதோ விருதுக் குழுவில் நடுவர். வாழட்டும்.

கதை இதுதான். பெரம்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. மனைவியை இழந்த ஒருவனும் அவன் மகளும். இருவருக்குத் தட்டு வைத்துவிட்டுத் திரும்பினால் மூன்றாவதாக ஒரு தட்டு இருக்கிறது. சமையலறையிலிருந்து செத்துப்போனவள் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். நல்ல கதை. ஒப்புக்கொள்ளத்தான் கஷ்டமாக இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி டிரெய்லர் வெளியாக வேண்டும். தியேட்டர்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் திரை ஒதுக்குவார்களாம். பிடிக்கவில்லை என்றால் நேராக ஓடிடி.

திரும்பும் வழியில் புதினா, கொத்தமல்லி வாங்கினேன். மனைவி செண்பகத்தின் தொண்டைக்கு அதிமதுரம் மூன்று கடை ஏறி இறங்கிக் கிடைத்தது. சாலிகிராமத்தில் எல்லாக் கடையிலும் சினிமாக்காரன்தான் நிற்கிறான், அதிமதுரத்தைக் காணோம்.

ஜூன் 5, வியாழன்

மச்சினன் மகள் மகிழினிக்கு இன்று பிறந்தநாள். ஆறு வயது. செண்பகம் காலையிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "மகிழ் குட்டி, மகிழ் குட்டி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு அவள் குழந்தையிடம் பேசவே இல்லை. குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முன்பே சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? அந்த டாக்டரின் கையெழுத்துகூட எனக்குப் பிடிக்கவில்லை.

கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "மகிழ் குட்டி, பிறந்தநாள் வாழ்த்துகள்டா" என்றாள்.

குழந்தை சொன்னது: "அப்பா, இது அத்தை இல்ல. அத்தை மாதிரி யாரோ பேசறாங்க." உடனே அழுகை.

மச்சினன் மதிவாணன் ஃபோனை வாங்கி, "நெட்வொர்க் செரியில்லீங்க மாமா, சாயங்காலம் கூப்பிடறனுங்க" என்றான். சாயங்காலம் கூப்பிடவில்லை. அவனை நான் மன்னிப்பதாக இல்லை.

செண்பகம் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். ஒரு பீன்ஸ்கூட அளவு தப்பவில்லை.

இருபது வருடத்துக்கும் மேலாக டப்பிங் பேசியவள். தமிழ் தெரியாத எத்தனையோ கதாநாயகிகள் இவள் தொண்டையால்தான் தமிழ்நாட்டை அழவைத்தார்கள். இவள் அலறினால் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டுத் திரும்பும், ஒருநாளும் தாண்டாது. வாரத்துக்கு மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்த டப்பிங் இன்சார்ஜ் ஆல்பர்ட் ஆபரேஷனுக்குப் பிறகு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பூங்கொத்து இல்லை, 'எப்படியிருக்கீங்க' இல்லை. அவர் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன். ஆல்பர்ட்.

ஜூன் 8, ஞாயிறு

படத்தை முழுதாகப் பார்த்தேன். பேயை ஒன்பது இடத்தில் காட்டியிருக்கிறார்கள். டிரெய்லரில் ஓர் இடத்திலும் காட்டப்போவதில்லை. காட்டாத வரைக்கும் ஒவ்வொருவனும் தன் வீட்டுப் பேயைக் கொண்டுவந்து அங்கே வைத்துக்கொள்வான்.

முதல் பாதியில் பயமே கூடாது. அப்பாவும் மகளும் பல் துலக்கட்டும், இட்லிக்குச் சண்டை போடட்டும். அவர்களைப் பிடித்துப்போனால்தான் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இருக்கும். முன்பின் தெரியாதவனைப் பேய் அடித்தால் யாருக்கு என்ன?

அப்புறம் கறுப்பு. இரண்டு ஷாட்டுக்கு நடுவில் வெறும் கறுப்பு, சத்தம் இல்லாமல். பையன்களுக்கு இது புரிவதில்லை, உடனே 'டம்' என்று ஓர் இரைச்சலைப் போட்டுவிடுகிறார்கள். இரைச்சலில் உடம்புதான் குலுங்குகிறது. பயம் காத்திருப்பதில் இருக்கிறது. பிப்ரவரியில் ஒருநாள் மூடிய கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. பின்னணி இசை எதுவும் இல்லை. அதைவிட நல்ல டிரெய்லர் நான் பார்த்ததில்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

தயாரிப்பாளர் அலுவலகத்தில் டிரெய்லரின் முதல் வடிவத்தைப் போட்டுக் காட்டினேன். ஆபீஸ் ஆட்கள் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். நான் எப்போதும் போலப் பின்னால் நின்று அவர்கள் கால்களைப் பார்த்தேன். இது என் முறை. முகத்தை நம்பக் கூடாது. பயந்தவன் சிரித்து மறைப்பான், பயப்படாதவன் முதலாளிக்காக நடுங்குவான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவனின் கால் விரல்கள் மட்டும் பொய் சொல்லாது. பயம் வந்தால் அவை தரையை விட்டு எழும்பும்.

ஒரு விரலும் எழவில்லை. அக்கவுண்டன்ட் ஒருவர் காலைத் தூக்கினார். கொசு.

"நல்லாருக்கு சார். ஆனா ஃபேமிலி வராதே. நடுவுல ஒரு காமெடி போடுங்களேன்" என்றார் தயாரிப்பாளர்.

"பேய்ப் படத்துக்கு ஃபேமிலிதான் சார் வரும். தனியா வர எவனுக்குத் தைரியம் இருக்கு?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். காமெடி போடாமல் தப்பித்தேன். கால்கள் எழாதது மட்டும் உறுத்துகிறது. படியிறங்கும்போது ரெஹானா, "பயம் வரல இல்ல சார்?" என்று கேட்டாள். இந்தப் பெண் முட்டாள் இல்லை.

ஜூன் 12, வியாழன்

எங்கே குறை என்று தெரிந்துவிட்டது. டைட்டில் வந்து எல்லாரும் முடிந்ததென்று மூச்சு விடும்போது, கறுப்பில், செத்துப்போனவள் தன் கணவனைக் கூப்பிடும் குரல் வர வேண்டும். படத்தில் அதைப் பேசியிருக்கும் பெண் பாவம், பேயாகப் பேச முயன்றிருக்கிறாள். போதாததற்கு எதிரொலி வேறு. கிணற்றுக்குள் மைக் விழுந்ததுபோல் இருக்கிறது.

வேறு குரல் கிடைக்கும்வரை இடத்தை நிரப்ப ஏதாவது வைப்பது வழக்கம். நானே பேசி வைப்பேன். ஆண் குரல் ஒட்டவில்லை. ஃபோனில் செண்பகத்தின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருந்தது. ஃபோனில் பேசினால் எதிரில் இருப்பவர் "என்ன, என்ன" என்று கேட்கிறார் என்பதால் அவள் இப்போது யாரிடமும் ஃபோனில் பேசுவதில்லை. வடபழனி எடிட்டிங் அறையிலிருந்து என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட தினமும் மதியம் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புவாள். நான்கு மாத மெசேஜ்களும் அப்படியே இருக்கின்றன. அழிக்க நேரம் கிடைக்கவில்லை.

"சாதம் ஆறுது. வாங்க."

அதை வைத்தேன். பின்னால் குக்கர் விசில்கூடக் கேட்டது. டிரெய்லரை ரெஹானாவுக்கு அனுப்பியபோது அந்த டிராக்கை மியூட் செய்ய மறந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே ரெஹானா.

"சார், கடைசில வர்ற அந்த வாய்ஸ் யாரு? எங்க உம்மா ஃபோனைக் கீழ போட்டுட்டாங்க சார். ஸ்க்ரீன் உடைஞ்சிருச்சு!"

"சும்மா இடத்துக்கு வச்சதும்மா. யாரோ ஒரு அம்மா."

"அந்த யாரோ ஒரு அம்மா எனக்கு வேணும் சார். ஃபோன்ல எடுத்தது தியேட்டர்ல தாங்காது. கூட்டிட்டு வாங்க, மைக்ல எடுத்துடலாம்."

"அவங்க வெளியூர்."

"எந்த ஊர்னாலும் நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"இறந்துட்டாங்க" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டேன். என்ன வாய் இது.

மதியம் வெண்டைக்காய்ப் பொரியல். செண்பகம் "ஏன் சரியா சாப்பிடல?" என்றாள்.

ஜூன் 14, சனி

ரெஹானா அதே டிரெய்லரை அதே ஆபீசில் போட்டுக் காட்டினாள். குரல் வந்த இடத்தில் ஒரு காலும் தரையில் இல்லை. அக்கவுண்டன்ட் ஒரு செருப்பை எங்கேயோ உதைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு குழந்தை ஃபோனில் கேட்டு அழுத குரல் இது. செண்பகத்திடம் என்ன சொல்வேன்? 'உன் குரலைக் கேட்டு ஊரே பயப்படுகிறது, வாழ்த்துகள்' என்றா?

வேறு குரல் தேடச் சொல்லிவிட்டேன். தேடுவதற்கு மாதிரியாக அந்த மெசேஜைக் கேட்டார்கள், கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

இந்தப் படத்துக்கும் டப்பிங் இன்சார்ஜ் ஆல்பர்ட்தான். எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் மாதிரியைக் கொடுத்திருக்க மாட்டேன். முதல் எழுத்திலேயே யாரென்று கண்டுபிடித்து, என்னைக் கேட்காமல் நேராக வீட்டுக்கு ஃபோன் செய்துவிட்டார்.

நான் போனபோது செண்பகம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த டிரெய்லரைப் போடுங்க" என்றாள்.

லேப்டாப்பில் போட்டேன். கடைசி வரைக்கும் பார்த்தாள். "திரும்ப" என்றாள். போட்டேன்.

"'ஆறுது'க்கு அப்புறம் மூச்சு கேக்குது. அதை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் மெசேஜ் வரவில்லை. நானாகவே போனேன். மேஜையில் மூடி வைத்திருந்தது. ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

மெசேஜ் இல்லை. ரசத்தில் உப்பு இருந்தது.

ஜூன் 19, வியாழன்

இன்று சாப்பிடும்போது அவளே பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன். கத்தாம பதில் சொல்லுங்க."

"நான் எப்ப கத்தினேன்?"

"என் குரல் பேய் மாதிரி இருக்குன்னுதானே எடுத்து வச்சீங்க?"

அடர்த்தி குறைந்த குரலில் காற்று அதிகம் கலந்திருக்கும், அதனால் கறுப்பின்மேல் வரும்போது என்று ஏதோ விளக்க ஆரம்பித்தேன்.

"டெக்னிக்கலா பேசாதீங்க. நீங்க டெக்னிக்கலா பேசினா பொய் சொல்றீங்கன்னு அர்த்தம். கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டேன்."

கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"மத்தவங்கல்லாம் பயமுறுத்தறாங்க செண்பகம். நீ கூப்பிடற. அவ்வளவுதான் வித்தியாசம்."

"சாப்பிடக் கூப்பிட்டா எதுக்குப் பயம்?"

"அவ செத்துட்டான்னு தெரியும். போகக் கூடாதுன்னும் தெரியும். இருந்தாலும் அந்தக் குரல் கூப்பிட்டா எழுந்து போயிடுவோமேன்னுதான்."

"யாரு போயிடுவா?"

"படத்துல வர்றவன்."

"ஓ. படத்துல வர்றவனா?"

"படத்துல வர்றவன்தான்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "மோர் ஊத்தவா?" என்றாள்.

மோர் ஊற்றும்போது ஆல்பர்ட்டைத் திட்டினேன். இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவன் காரியம் என்றதும் ஃபோன் செய்கிறான் பார் என்றேன்.

"அவர் மார்ச்சுலேர்ந்து கூப்பிட்டுட்டுத்தான் இருக்கார். சின்ன வேஷம், வயசான வேஷம், எதுக்காவது வாங்கன்னு. நான்தான் வரலைன்னேன். வீட்டுக்கு வரேன்னார், அதுவும் வேணாம்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணுமில்ல? டாக்டர் மேல, என் தம்பி மேல, எல்லார் மேலயும் பட்டுட்டீங்க. அடுத்தது என் மேலதான். ஆல்பர்ட் நல்ல மனுஷன், தாங்குவார்னு விட்டுட்டேன்."

தட்டைக் கழுவி வைத்தேன். அவள் தட்டையும்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நாளைக்கு டப்பிங் தியேட்டர்ல எத்தனை மணிக்கு வரச் சொல்றாங்க?"

ஜூன் 20, வெள்ளி

மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் தழும்பை மறைக்கத் துப்பட்டா மாதிரி ஏதோ சுற்றியிருந்தவள், தியேட்டர் வாசலில் அதை உருவி என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஆல்பர்ட் எழுந்து நின்றார். "வாங்கம்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சளி பிடித்திருக்கும்.

செண்பகம் மைக் முன்னால் போய் நின்றாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

"ஆன்ட்டி, கொஞ்சம் பயமா சொல்றீங்களா?" என்றாள் ரெஹானா.

"பயமா சொன்னா பயம் வராதும்மா. சரி, என்ன குழம்பு?"

"குழம்பா?"

"அன்னிக்கு அந்த வீட்ல என்ன குழம்பு வச்சிருக்கா அவ? சாதம் ஆறுதுன்னு கூப்பிடறாளே, என்ன சமைச்சான்னு தெரியாம எப்படிக் கூப்பிடறது? அவருக்குப் பிடிச்சதா, பிடிக்காததா?"

ரெஹானா என்னைப் பார்த்தாள். ஸ்கிரிப்ட்டைப் புரட்டினாள். அதில் குழம்பு இல்லை.

"வத்தக்குழம்பு" என்றேன் நான் டாக்பேக் மைக்கில். "பிடிக்கும்."

"தெரியும்" என்றாள்.

பிறகு சொன்னாள். மூச்சு எங்கேயும் கேட்கவில்லை. 'ஆறுது'வில் ஒரு சின்னக் கோபம், 'வாங்க'வில் அது இல்லை. மெல்லிய, கரகரத்த, பாதி காற்றாகிப்போன குரல். அதில் கத்தினால் ஒன்றும் வராது, கூப்பிட்டால் எல்லாம் வருகிறது. என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிருந்தது.

"ஓகே சார்?" என்றாள் ரெஹானா.

"இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றேன். தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் ஆல்பர்ட் என்னிடம், "நீங்க ஏதோ என் மேல வருத்தமா இருக்கீங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். மேலே அவர் பெயரை எழுதிய இடத்தில் அடிக்க மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

டிரெய்லருக்குச் சென்சார் சான்றிதழ் வந்துவிட்டது. கடைசிக் கறுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டினால் நன்றாக இருந்திருக்கும். இனி கை வைக்க முடியாது. சிலிண்டர் வந்தது.

ஜூன் 27, வெள்ளி

புதுப்படம் ஒன்றின் இடைவேளையில் நம் டிரெய்லர். பகல் காட்சி. ரெஹானா, அவள் உம்மா, ஆல்பர்ட், செண்பகம், நான், எல்லாரும் ஒரே வரிசை. முறுக்கும் பாப்கார்னுமாக ஆட்கள் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் ஃபோனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

அப்பாவும் மகளும் இட்லிக்குச் சண்டை போட்டபோது சிரித்தார்கள். மூன்றாம் தட்டு வந்தபோது ஃபோன்காரன் நிறுத்தினான். டைட்டில் வந்தது. "அவ்வளவுதானா?" என்று பின்னால் ஒரு குரல். கறுப்பு.

"சாதம் ஆறுது. வாங்க."

தியேட்டர் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. அலறலும் சிரிப்பும் விசிலும் ஒன்றாக. ரெஹானாவின் உம்மா பாப்கார்னைக் கொட்டினார். இது மூன்றாவது தடவை கேட்கிறார்.

நான் வழக்கம்போலக் குனிந்து வரிசைக் கால்களைப் பார்த்தேன். செண்பகத்தின் பாதங்கள் தரையில் அசையாமல் இருந்தன. என் கால்கள் இரண்டும் எழும்பி இருந்தன. இந்த இடத்தை எத்தனை நூறு தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தி, கால்களைத் தரையில் இறக்கினாள்.

திரும்பும்போது ரெஹானாவுக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது. தியேட்டர்காரர்கள்.

ஜூன் 29, ஞாயிறு

மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் மதிவாணன்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஃபோன்ல டிரெய்லர் ஓடறப்ப மகிழ் பார்த்துப்புட்டா. அந்தக் குரல் அத்தைதானேன்னு கேட்டா. ஆமான்னுட்டனுங்க. அதுல இருந்து விடமாட்டேங்கறா."

ஆறு வயதுக் குழந்தை கையில் பேய்ப் பட டிரெய்லரைக் கொடுத்திருக்கிறான். இதற்குத் தனியாக ஒரு நாள் அவனிடம் பேச வேண்டும்.

ஸ்பீக்கரில் வைத்தேன். செண்பகம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை?" என்றது குழந்தை. "அந்தப் பேய் நீங்கதானா?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஆமாடா குட்டி. நான்தான்."

"அய்ய்யோ!" என்று ஒரு குதிக்கும் சத்தம். "அத்தை, அதைச் சொல்லுங்க. எனக்குச் சொல்லுங்க."

செண்பகம் உடனே சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். மின்விசிறியை நிறுத்தும்படி எனக்குச் சைகை காட்டினாள். நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. இன்னும் பேசவில்லை. நான் டிரெய்லரில் விட்ட கறுப்பைவிட நீளமாக விட்டாள்.

"அத்தை...?" என்றது குழந்தை, மிக மெதுவாக.

"மகிழ். சாதம் ஆறுது. வா."

கோயம்புத்தூரிலிருந்து வந்த அலறலில் ஃபோன் மேஜைமேல் நகர்ந்தது. பின்னாலேயே சிரிப்பு, மூச்சு முட்டும் சிரிப்பு. "இன்னொருக்கா! அத்தை, இன்னொருக்கா!"

இன்னொருமுறை சொன்னாள். அதற்கப்புறம் இட்லிக்கு, தோசைக்கு, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட. எனக்கு யாரும் பரிமாறவில்லை. நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வத்தக்குழம்பு. சாதம் நன்றாக ஆறிவிட்டிருந்தது. பரவாயில்லை.